கர்னலில் சிக்னல், எம்மேப் பக் சரிசெய்வது: முதல் பேட்ச் அனுப்பப் போகிறவருக்கு

லினக்ஸ் கர்னலில் சிக்னல் கையாளும் இடத்திலோ மெமரி மேப்பிங் (எம்மேப்) இடத்திலோ ஒரு பக்கைப் பிடித்து, சரிசெய்து, அந்த பேட்ச் மெயின்லைனுக்குள் (கர்னலின் முதன்மை மரம்) போகும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதியிருக்கிறேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாம் கர்னலோடு வரும் ஆவணங்களிலேயே இருக்கிறது, ஆனால் ஏகப்பட்ட ஃபைல்களில் சிதறிக் கிடக்கிறது. எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று சொல்ல ஆள் இல்லாமல் நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

சி மொழியும் கிட்டும் உங்களுக்குப் பழக்கம், ஒரு சாதாரண கேரக்டர் டிவைஸ் டிரைவரை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கோடில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒரு ஃபங்ஷன் பெயர் இரண்டு மூன்று சொற்களாக வந்தால், நடுவில் உள்ள இடைவெளி எல்லாம் அண்டர்ஸ்கோர்.

1. மையத்தில் கை வைக்காமல் டிரைவரில் தொடங்குங்கள்

சிக்னலின் மூலக் கோடு கர்னல் டைரக்டரிக்குள் சிக்னல் டாட் சி என்ற ஃபைலில் இருக்கிறது. மேப்பிங் கோடு எம்எம் டைரக்டரியில் இருக்கிறது. இரண்டையும் கட்டாயம் படியுங்கள், ஆனால் முதல் பேட்ச்சை அங்கே வைக்க வேண்டாம். ஏற்கெனவே நிறையப் பேர் சல்லடை போட்டுத் தேடிய இடம் அது. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் கண்ணில் படாத ரேஸ்கள் (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் மோதும் பிழைகள்). 2016 அக்டோபரில் அடைக்கப்பட்ட டர்ட்டி கவ் ஓட்டை, 2007-இல் வெளிவந்த 2.6.22 பதிப்பிலிருந்தே அங்கே இருந்தது. 2023-இல் பிடிபட்ட ஸ்டாக்ராட், 6.1 பதிப்பில் மேப்பிங்குகளைப் பதிந்துவைக்கும் மேப்பிள் ட்ரீ அமைப்பு வந்ததோடு சேர்ந்து வந்தது. இவற்றைப் படித்துக் கற்றுக்கொள்ளலாம், முதல் வேலையாக எடுக்கக் கூடாது.

டிரைவர்களில் கதையே வேறு. சிக்னல் வந்து தூக்கம் கலைந்தால் என்ன மதிப்பைத் திருப்பித் தருவது, எம்மேப் கேட்பவருக்கு எவ்வளவு நீளம் கொடுப்பது என்ற இரண்டு முடிவுகளையும் கர்னல் மையம் டிரைவரிடமே விட்டுவிடுகிறது. தவறு நடப்பதும் அங்கேதான். தேடுவதற்கு இந்த மூன்று வடிவங்கள் போதும்:

முதலாவது, வெயிட் ஃபார் கம்ப்ளீஷன் இன்டரப்டிபிள் டைம்அவுட் தரும் மதிப்பை அன்சைன்ட் லாங் மாறியில் வாங்கும் இடங்கள். இரண்டாவது, எம்மேப் ஹேண்ட்லருக்குள் நீளத்தைச் சோதிக்காமல் ரீமேப் பிஎஃப்என் ரேஞ்ச் அழைக்கும் இடங்கள். மூன்றாவது, க்ளோஸ் இருந்தும் ஓப்பன் இல்லாத விஎம் ஆப்ஸ் அட்டவணைகள் (மேப்பிங்குக்கான ஃபங்ஷன் பட்டியல்கள்).

ஒன்று கிடைத்தவுடன் சந்தோஷப்பட்டு எடிட்டரைத் திறக்காதீர்கள். லினக்ஸ்-நெக்ஸ்ட் மரத்தை (அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் சேரும் இடம்) இழுத்து, அதே ஃபைலில் யாராவது ஏற்கெனவே திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். கர்னல் பக்குகளைத் தானாகத் தேடும் சிஸ்பாட் கருவியின் பட்டியலில் உள்ள பக் என்றால் இதை இரண்டு தடவை செய்யுங்கள். அங்கே ஒரே பக்குக்கு நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருப்பது சகஜம்.

2. ஆவணங்களும் செலவும்

கட்டணம் எதுவும் கிடையாது. உறுப்பினர் பதிவு, உரிம ஒப்பந்தப் பத்திரம் என்றும் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பேட்ச்சின் அடியிலும் சைன்ட்-ஆஃப்-பை என்ற ஒற்றை வரி வேண்டும். இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் உறுதி சொல்லும் வரி அது. அடையாளம் தெரிந்த பெயரில் போட வேண்டும், அநாமதேயப் பங்களிப்பு ஏற்கப்படாது.

வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் பணி ஒப்பந்தத்தை. ஓய்வு நேரத்தில் எழுதும் கோடும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அதில் இருந்தால், எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். பேட்ச் தயாரான பிறகு அனுமதி கேட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது வீண்.

மெயில் கணக்கு வெறும் எழுத்து மெயிலை எந்த மாற்றமும் செய்யாமல் அனுப்புவதாக இருக்க வேண்டும். பிரவுசரில் இருந்து ஒட்டி அனுப்பினால் டேப்கள் ஸ்பேஸாக மாறும், வரிகள் உடையும், பேட்ச் ஒட்டாது. கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையை அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு உள்ள கணக்குகளில் இதற்குத் தனியாக ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டியிருக்கும். பிஜிபி சாவி தேவையில்லை.

உண்மையான செலவு கணினி நேரம்தான். கிட் வரலாறு முழுவதையும் இழுத்தால் சில ஜிபி, டீபக் தகவலோடு கம்பைல் செய்தால் இன்னும் பல ஜிபி. கேசான் (மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கர்னல் கருவி) போட்ட கர்னல் மெமரியில் எட்டில் ஒரு பங்கைத் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், எனவே வர்ச்சுவல் மெஷினுக்கு மெமரியைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

3. சோதனைக் கர்னலைத் தயார் செய்யுங்கள்

தினமும் வேலை செய்யும் கணினியில் சோதனைக் கர்னலை பூட் செய்யாதீர்கள். எம்மேப் பக் என்றால் எதன் மெமரி கெடும் என்று சொல்ல முடியாது, அது உங்கள் ஃபைல் சிஸ்டமாகவும் இருக்கலாம்.

வர்ச்சுவல் மெஷின் ஓட்ட கியூஈஎம்யூ போதும். மேக் டெஃப்கான்ஃபிக், அதன் மேல் கேவிஎம் கெஸ்ட் கான்ஃபிக், அப்புறம் கேசான், ப்ரூவ் லாக்கிங் (லாக் வரிசைத் தவறுகளைக் காட்டுவது), டீபக் விஎம், டீபக் அட்டாமிக் ஸ்லீப், டீபக் இன்ஃபோ ஆகிய ஐந்தையும் ஆன் செய்து கம்பைல் செய்யுங்கள். டிஸ்க் இமேஜ் தயாரிக்கச் சோம்பலாக இருந்தால் வர்ட்மி-என்ஜி கருவியைப் பாருங்கள். உங்கள் கணினியின் ஃபைல் சிஸ்டத்தையே எடுத்துக்கொண்டு புதுக் கர்னலை பூட் செய்துவிடும். மாற்றம், கம்பைல், பூட், சோதனை என்ற சுற்று எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு லாபம்.

4. முதலில் பக்கை வரவழையுங்கள்

பேட்ச் நாலு வரிதான் இருக்கும். அந்த நாலு வரி சரி என்று நிரூபிக்கும் சோதனை நிரல்தான் நேரம் தின்னும். அதை முதலில் எழுதுங்கள். பழைய கர்னலில் தோற்க வேண்டும், புதியதில் ஜெயிக்க வேண்டும். அப்படி ஒன்று கையில் இருந்தால் மெயின்டெய்னரோடு (அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்) வாக்குவாதமே வராது.

சிக்னல் பக்குக்கு செட்இட்டைமர் கொண்டு சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சிக்அலாரம் வரும்படி வைத்து, டிவைஸில் ரீட் அழைப்பைச் சுழலில் ஓடவிடுங்கள். இங்கே சில பொறிகள் இருக்கின்றன.

ஹேண்ட்லரைப் பதிய சிக்னல் என்ற பழைய ஃபங்ஷனைப் பயன்படுத்தாதீர்கள். ஜிலிப்சியில் அது எஸ்ஏ ரீஸ்டார்ட் கொடியைத் தானாகவே சேர்த்துவிடும். ரீட் சத்தமில்லாமல் மறுபடி தொடங்கும், ஈஇன்டர் (சிக்னலால் அழைப்பு தடைபட்டது என்ற பிழை) கண்ணிலேயே படாது, பக் இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். சிக்ஆக்‌ஷன் பயன்படுத்தி, கொடியோடு ஒரு தடவை, கொடி இல்லாமல் ஒரு தடவை ஓட்டுங்கள்.

பல த்ரெட் உள்ள நிரலில் ப்ராசஸுக்கு அனுப்பிய சிக்னலை, அதைத் தடுக்காத எந்த த்ரெட் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும். நீங்கள் எதிர்பார்த்த த்ரெட் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். பித்ரெட் கில் கொண்டு குறிபார்த்து அனுப்புங்கள்.

எம்மேப் சோதனையில் சிக்பஸ்ஸை (மேப்பிங்கில் தர முடியாத இடத்தைத் தொட்டால் வரும் சிக்னல்) பிடித்து சிக்லாங்ஜம்ப் மூலம் வெளியே வருவது வழக்கமான உத்தி. சிக்செட்ஜம்ப்புக்குத் தரும் இரண்டாவது ஆர்க்யுமென்ட் பூஜ்யமாக இருந்தால் சிக்னல் மாஸ்க் பழைய நிலைக்குத் திரும்பாது. முதல் சிக்பஸ் பிடிபடும். இரண்டாவது வரும்போது அந்த சிக்னல் இன்னும் தடுக்கப்பட்ட நிலையிலேயே இருப்பதால் கர்னல் நிரலையே கொன்றுவிடும். பார்ப்பவருக்கு கர்னல் பக் போலவே தெரியும்.

5. சிக்னல் பக்கம்: எதைத் திருப்பித் தருவது

டிரைவர் வெயிட் ஈவென்ட் இன்டரப்டிபிள் என்று தூங்கும்போது சிக்னல் வந்தால், அந்த அழைப்பு மைனஸ் ஈரீஸ்டார்ட்சிஸ் தரும். இதன் எண் 512. டிரைவர் இதுவரை ஒரு பைட் கூடக் கொடுக்கவில்லை என்றால், இதை அப்படியே மேலே அனுப்பிவிட வேண்டும். யூசர் பக்கம் திரும்பும் வழியில் சிக்னல் கோடு இதைப் பார்த்து, ஹேண்ட்லர் இல்லையென்றாலோ எஸ்ஏ ரீஸ்டார்ட் இருந்தாலோ அழைப்பை மறுபடி தொடங்கும். இல்லையென்றால் ஈஇன்டராக மாற்றிக் கொடுக்கும்.

இதில் நடக்கும் தவறுகளைப் பாருங்கள்.

பாதி டேட்டா கொடுத்த பிறகு சிக்னல் வந்தால் பிழை எண்ணைத் தரக் கூடாது, கொடுத்த பைட் கணக்கைத் தர வேண்டும். பிழையைத் தந்தால் அழைப்பு மறுபடி தொடங்கும், ஏற்கெனவே கொடுத்த டேட்டா காணாமல் போகும்.

சிக்னல் எதுவும் நிலுவையில் இல்லாதபோது டிரைவர் தானாக ஈரீஸ்டார்ட்சிஸ் தந்தால், அந்த 512 மொழிபெயர்ப்பில்லாமல் யூசர் நிரலுக்குக் கசியும். பெரர் அச்சிடும்போது ‘அன்னோன் எரர் 512’ என்று வரும். அப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம், கர்னல் பக்தான். ஆனால் எஸ்ட்ரேஸ் வெளியீட்டில் ஈரீஸ்டார்ட்சிஸ் என்று பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். எஸ்ட்ரேஸ் கர்னலின் உள்மதிப்பைப் பார்க்கிறது, நிரலுக்கு அது போய்ச் சேருவதில்லை. இந்தக் குழப்பத்தில் பிறந்த பேட்ச்கள் உடனே நிராகரிக்கப்படும்.

டைம்அவுட் உள்ள காத்திருப்பு மூன்று விதமாகத் திரும்பும்: நேரம் முடிந்தால் பூஜ்யம், வேலை முடிந்தால் நேர் எண், சிக்னல் வந்தால் எதிர் எண். அதை அன்சைன்ட் மாறியில் வாங்கி, பூஜ்யமா என்று மட்டும் பார்க்கும் கோடுக்கு சிக்னல் வந்ததும் வெற்றியாகத் தெரியும். வேலையை முடிக்காத ஹார்ட்வேரிடம் இருந்து குப்பையை எடுத்து யூசருக்குக் கொடுக்கும். மாறியை லாங் ஆக்கி, எதிர் எண்ணுக்குத் தனிக் கிளை வைத்தால் முடிந்தது. முதல் பேட்ச்சுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது.

அவ்வளவுதானா என்றால், இல்லை. எதிர் எண் வந்ததும் வெளியேறும் கிளையை நீங்கள் புதிதாகச் சேர்க்கிறீர்கள். அந்த நேரத்தில் ஹார்ட்வேர் இன்னும் டிஎம்ஏ மூலம் (சிபியு வழியாகப் போகாமல் நேரடியாக) பஃபரில் எழுதிக்கொண்டிருக்கலாம். பஃபரை விடுவித்துவிட்டு வெளியேறினால், விடுவித்த மெமரியில் டிவைஸ் எழுதும். கேசான்கூட டிவைஸ் நேரடியாக எழுதுவதைப் பார்க்காது. முதலில் டிஎம்ஏ-வை நிறுத்தி, நின்றதை உறுதி செய்துகொண்டு, பிறகுதான் விடுவிக்க வேண்டும். நிறுத்த வழியே இல்லாத ஹார்ட்வேர் என்றால் இன்டரப்டிபிள் காத்திருப்பே அங்கே தவறு. அதை நீக்குவதுதான் சரியான பேட்ச்.

எதிர்த்திசையிலும் ஒரு ஆசை வரும். ப்ராசஸ் டி நிலையில் (சிக்னலுக்கும் எழாத தூக்கம்) மாட்டிக்கொண்டு, 120 செகண்ட் கழித்து ஹங் டாஸ்க் எச்சரிக்கை வருவதைப் பார்த்ததும், காத்திருப்பை இன்டரப்டிபிளாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் பிழையைக் கையாளத் தயாரா என்று மேலே வரை ஏறிப் பாருங்கள். பல நேரம் கில்லபிள் வகை பொருத்தமாக இருக்கும். கொல்லும் சிக்னலுக்கு மட்டும் எழும், நிரல் எப்படியும் சாகப்போவதால் பாதியில் விட்ட பதிலை அது பார்க்காது.

6. மேப்பிங் பக்கம்: நீளம், ஆஃப்செட், ஆயுள்

நீளம் பூஜ்யமா, ஆஃப்செட் பேஜ் எல்லையில் இருக்கிறதா என்பதையெல்லாம் மையம் பார்த்துக்கொள்ளும். உங்கள் டிவைஸ் மெமரி எவ்வளவு பெரியது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதை டிரைவர் பார்க்காவிட்டால், யூசர் கேட்ட நீளத்துக்குப் பக்கத்தில் உள்ள மெமரியும் சேர்ந்து திறந்துவிடும்.

ஆஃப்செட்டையும் நீளத்தையும் கூட்டி எல்லையோடு ஒப்பிடும் சோதனையை நம்பாதீர்கள். ஆஃப்செட் மிகப் பெரியதாக இருந்தால் கூட்டல் நிரம்பி வழிந்து சிறிய எண்ணாகிவிடும், சோதனை பாஸாகும். முதலில் ஆஃப்செட் எல்லைக்குள் இருக்கிறதா, பிறகு எல்லையில் ஆஃப்செட்டைக் கழித்த மிச்சத்துக்குள் நீளம் அடங்குகிறதா என்று கழித்தலில் பாருங்கள். ஆஃப்செட்டை வைத்திருக்கும் விஎம் பிஜிஆஃப் பேஜ் கணக்கில் இருக்கும், பைட் கணக்கில் அல்ல. இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், ஒரே தொடர்ச்சியான டிவைஸ் மெமரிக்கு விஎம் ஐஓமேப் மெமரி என்ற உதவி ஃபங்ஷன் இருக்கிறது. இந்தச் சோதனைகளை அதுவே செய்யும். அதற்கு மாற்றுவதே பேட்ச் என்றால் மெயின்டெய்னருக்கும் படிக்கச் சுலபம்.

ரீமேப் பிஎஃப்என் ரேஞ்ச் பயன்படுத்தினால் டோன்ட்எக்ஸ்பேண்ட் கொடியும் சேர்ந்து வரும், எம்ரீமேப் கொண்டு யாரும் நீட்ட முடியாது. ஃபால்ட் ஹேண்ட்லர் மூலம் பேஜ் பேஜாகக் கொடுக்கும் டிரைவரில் அந்தக் காவல் தானாக வராது. ஹேண்ட்லருக்குள்ளேயே பேஜ் எண்ணைச் சோதித்து, எல்லை தாண்டினால் விஎம் ஃபால்ட் சிக்பஸ் திருப்ப வேண்டும்.

படிக்க மட்டும் கொடுக்கும் மேப்பிங்கில், எழுதும் கொடி இருக்கிறதா என்று பார்த்து மறுத்துவிட்டால் போதும் என்று பல டிரைவர்கள் நிறுத்திவிடுகின்றன. பிறகு யூசர் எம்ப்ரொடெக்ட் அழைத்து எழுதும் உரிமையை வாங்கிவிடுவார். பின்னால் அந்த உரிமையைப் பெற அனுமதிக்கும் மேரைட் கொடியையும் நீக்க வேண்டும். 6.3 பதிப்பிலிருந்து கொடிகளை நேரடியாக மாற்றக் கூடாது, விஎம் ஃப்ளாக்ஸ் க்ளியர் ஃபங்ஷன் வழியாகவே போக வேண்டும். பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதினால் கம்பைலே ஆகாது.

ஆயுள் கணக்குதான் அதிகம் படுத்தும். டிரைவர் எம்மேப்பில் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, க்ளோஸில் ஒன்று குறைத்தால் சரியாகத்தானே இருக்கும்? மூன்று பேஜ் மேப் செய்து, நடுப் பேஜை மட்டும் எம்அன்மேப் செய்யுங்கள். ஒரு விஎம்ஏ (ஒரு மேப்பிங் பகுதிக்கான கர்னல் பதிவு) இரண்டாகிறது. எம்மேப் ஹேண்ட்லர் ஒருமுறைதான் ஓடியது, க்ளோஸ் பலமுறை ஓடும். ஃபோர்க் செய்தாலும் இதே கதை. எண்ணிக்கை சீக்கிரமே பூஜ்யமாகி பஃபர் விடுவிக்கப்படும், மிச்சம் உள்ள மேப்பிங் செத்த மெமரியைக் காட்டிக்கொண்டிருக்கும். விஎம்ஏ பிரியும்போதும் நகலெடுக்கும்போதும் மையம் அழைப்பது ஓப்பன் ஃபங்ஷனைத்தான். அதில் கூட்டல் இருக்க வேண்டும். முதல் எம்மேப்பின்போது ஓப்பன் அழைக்கப்படாது என்பதையும் மறக்க வேண்டாம். அதே போல, எம்மேப் ஹேண்ட்லர் பாதியில் தோற்றால் க்ளோஸ் வராது. கூட்டியதை நீங்களே கழித்துவிட்டு வெளியேற வேண்டும்.

7. லாக் வரிசையைப் பாருங்கள்

எம்மேப் ஹேண்ட்லர் ஓடும்போது எம்மேப் லாக் ஏற்கெனவே எழுதும் நிலையில் பிடிக்கப்பட்டிருக்கும். அதற்குள் உங்கள் டிரைவர் மியூடெக்ஸைப் பிடிக்கிறீர்கள். ரீட் பக்கத்தில் அதே மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு காப்பி டூ யூசர் அழைத்தால், அது பேஜ் ஃபால்ட்டில் விழுந்து எம்மேப் லாக்கைக் கேட்கலாம். இரண்டு த்ரெட் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும். நடைமுறையில் அபூர்வமாகவே மாட்டும், ஆனால் ப்ரூவ் லாக்கிங் ஆன் செய்திருந்தால் இரண்டு வழிகளும் ஒருமுறை ஓடினாலே சுழல் சார்பு எச்சரிக்கையைக் கொட்டிவிடும். எம்மேப் பேட்ச் எதை அனுப்பும் முன்பும் ரீட், ரைட், எம்மேப் மூன்றையும் அந்தக் கர்னலில் ஓட்டுங்கள்.

8. பேட்ச் எழுதுவது

முதல் வரியில் சப்சிஸ்டம் பெயர், டிரைவர் பெயர், என்ன செய்கிறது என்பது 75 எழுத்துக்குள். கிட் லாக்கில் அதே ஃபைலுக்கு முன்னவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து அதே பாணியில் எழுதுங்கள். உடலில் யூசருக்கு என்ன கெடுதல் நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள், காரணம் அப்புறம், தீர்வு கடைசியில்.

ஃபிக்ஸஸ் வரியில் பக்கைக் கொண்டுவந்த கமிட்டின் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் வேண்டும். கிட் ப்ளேம் காட்டும் முதல் கமிட்டை அப்படியே போடாதீர்கள். அது வெறும் இடைவெளி திருத்தமாகவோ ஃபைல் இடமாற்றமாகவோ இருக்கலாம். உண்மையான மூலம் வரை பின்னால் போங்கள். பழைய பதிப்புகளுக்கும் (அவற்றுக்குத் திருத்தங்கள் சேரும் மரங்கள்தான் ஸ்டேபிள்) தேவை என்றால் சிசி ஸ்டேபிள் வரியை இங்கேயே சேருங்கள். மெயிலில் வெறுமனே நகல் போடுவது கணக்கில் வராது.

ஹார்ட்வேர் இல்லாமல் கம்பைல் மட்டும் செய்து பார்த்திருந்தால், உடலுக்குப் பின் வரும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே அதை வெளிப்படையாக எழுதுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள். எழுதாமல் விட்டுப் பிறகு தெரியவந்தால் அடுத்த பேட்ச்சையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பாணித் தவறுகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். அது சொல்லும் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. குறிப்பாக, நீங்கள் தொடாத வரிகளை அழகுபடுத்தப் போகாதீர்கள்.

9. அனுப்புவதும் காத்திருப்பதும்

அனுப்பும் முன் ஒரு கேள்வி: சாதாரண யூசர் திறக்கக்கூடிய டிவைஸில் எல்லை தாண்டிய எம்மேப்பா? அப்படியென்றால் அது பாதுகாப்பு ஓட்டை. பொதுவில் போடாமல் மெயின்டெய்னருக்கும் கர்னல் பாதுகாப்புக் குழுவுக்கும் தனியாக எழுதுங்கள். தீர்வு தயாரான பிறகு வெளியிடுவதை வழக்கமாக 7 நாள் வரைதான் தள்ளிவைப்பார்கள், விதிவிலக்காக 14 நாள். சிவிஈ எண்ணை (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் பொது அடையாள எண்) முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கர்னல் குழுவே எண் ஒதுக்குகிறது, அதுவும் திருத்தம் ஸ்டேபிளில் சேர்ந்த பிறகு.

மற்றவற்றுக்கு கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டும் முகவரிகள் போதும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மெயிலில் இருந்து பேட்ச்சை எடுத்து கிட் ஏஎம் கொண்டு ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் மெயில் அமைப்பு சரி.

நேரக் கணக்கு இப்படி. ஒரு பதிப்பு சுமார் 9 அல்லது 10 வாரச் சுற்று. அதில் முதல் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம்), அப்போது மெயின்டெய்னர்கள் தலை நிமிர மாட்டார்கள். பிறகு வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), பெரும்பாலும் ஏழாவது அல்லது எட்டாவதோடு பதிப்பு வெளிவரும். ஆர்சி1 வந்த பிறகு அனுப்புவது நல்லது. பக் திருத்தம் ஆர்சி காலத்திலேயே உள்ளே போகும், அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஒரு வாரமாவது போகாமல் நினைவூட்டல் அனுப்பாதீர்கள்.

திருத்தச் சொன்னால் அதே நாளில் இரண்டாம் பதிப்பை அனுப்பும் பதற்றம் வரும். ஒரு நாள் பொறுங்கள், வேறொருவரும் கருத்துச் சொல்லலாம். புதிய பதிப்பில் என்ன மாறியது என்பது மூன்று கோடுகளுக்குக் கீழே போக வேண்டும், மேலே அல்ல. பதில் எழுதும்போது அவர் கேட்ட வரிக்குக் கீழே எழுதுங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மொத்தமாக எழுத வேண்டாம். ஒரு கருத்தை ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்லலாம். பதிலே சொல்லாமல் அதை விட்டுவிட்டு அடுத்த பதிப்பு அனுப்புவதுதான் எரிச்சல் மூட்டும்.

10. மெயின்லைனில் சேர்ந்த பிறகு

ஸ்டேபிள் மரங்களுக்கு பேட்ச் தானாகப் போகும், ஆனால் மெயின்லைனில் சேர்ந்த பிறகுதான். பழைய எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) மரத்தில் ஒட்டவில்லை என்றால் உங்களுக்கு ஒரு தானியங்கி மெயில் வரும். சிக்னல், எம்மேப் பேட்ச்களில் இது அடிக்கடி நடக்கும். 6.3-க்கு முந்தைய மரத்தில் விஎம் ஃப்ளாக்ஸ் க்ளியர் இருக்காமல் போகலாம், 5.8-க்கு முந்தையதில் எம்மேப் லாக்குக்கே எம்மேப் செம் என்றுதான் பெயர். அந்த மரத்தை எடுத்து, கையால் ஒட்டி, சோதனை நிரலை மறுபடி ஓட்டி, மெயின்லைன் கமிட் எண்ணை உடலின் முதல் வரியில் குறிப்பிட்டு, எந்த மரத்துக்கு என்பதைத் தலைப்பில் போட்டு அனுப்புங்கள். உங்கள் சோதனை நிரலைக் கருவிகள் டைரக்டரிக்குள் உள்ள செல்ஃப்டெஸ்ட்ஸ் பகுதியில் சேர்க்க முடிந்தால் அதைத் தனி பேட்ச்சாக அனுப்புங்கள். திருத்தத்தோடு ஒரே பேட்ச்சாகக் கட்டினால் ஸ்டேபிளுக்கு எடுக்கும்போது சிக்கல்.